அண்ணன் சட்டை வெள்ளையா நீலமா

எங்க குடும்பம் மொத்தமா இருக்கற படம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணுல எல்லாருக்கும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு, அந்த ஹால் பல்பு பண்ண வேலை. இன்னொண்ணுல கலர் பிரமாதம், ஆனா நான் கண்ணை மூடிட்டு நிக்கறேன். எங்க நாத்தனார் அந்த ரெண்டாவதைத்தான் பெரிசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டப் போறாங்களாம்.

"நீ எப்பவும் தூங்கி வழியறவதானே, யாருக்கும் வித்தியாசம் தெரியாது"ங்கறாங்க.

வந்துச்சே கோவம்! "அஞ்சு மணி வரைக்கும் பிரிண்டுக்கு அனுப்பாம பொறுங்க அண்ணி, அந்த மஞ்சளை நான் எடுத்துக் காட்டறேன்"னு லாப்டாப்பைத் திறந்துட்டேன். பேத்தி ஏத்திக் குடுத்த சாஃப்ட்வேர்ல சொட்டு மருந்து விடற குழாய் மாதிரி ஒண்ணு இருக்கு. படத்துல நிஜமாவே வெள்ளையா இருக்கறதைப் பார்த்து அதால தொட்டா, மத்த கலரெல்லாம் தானா சரியாயிடும்.

நாத்தனார் பக்கத்துலயே சேரைப் போட்டு உக்காந்துட்டாங்க. "எங்க வீட்டுக்காரர் சட்டையைத் தொடு. என் கையால துவைச்சது. அதைவிட வெள்ளை எங்க இருக்கு?"

தொட்டேன். முகமெல்லாம் அதே மஞ்சள். நான் அண்ணன்னு கூப்பிடற அவரோட காலரைத் தொட்டேன், பாக்கெட்டைத் தொட்டேன், ம்ஹூம்.

அப்பத்தான் உறைச்சது. இவங்க சொட்டு நீலத்தைச் சொட்டுச் சொட்டாவா விடுவாங்க? மூடி மூடியா ஊத்துவாங்க. சட்டையே நீலம், மஞ்ச பல்புல வெள்ளையாத் தெரியுது! வாயைத் திறந்து சொன்னா என்னை உரிச்சிடுவாங்க.

மணி நாலே முக்கால். வேற வெள்ளை தேடறேன். சுவர் பச்சை. பல்லுன்னு பார்த்தா ஒருத்தரும் சிரிக்கலை. படத்தைப் பெரிசு பண்ணேன் பாருங்க, நாத்தனார் வகிட்டோரமா, டை படாம தப்பிச்ச ஒரு விரக்கடை முடி. பளிச்சுன்னு! 'எங்க வம்சத்துக்கே நரைக்காது'ன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கற மனுஷி.

சத்தமில்லாம தொட்டேன். அடேயப்பா! எல்லார் முகமும் தெளிஞ்சிடுச்சு. அண்ணன் சட்டை மட்டும் வானம் மாதிரி நீலம்.

"என்னடி இது! எதைத் தொட்ட?"

மவுஸை மட்டும் மெதுவா வகிடு கிட்ட கொண்டு போனேன். நாத்தனார் கை தன்னால தலைக்குப் போச்சு.

அதே நேரம் பார்த்து அண்ணன் உள்ள வந்தாரு. "என் வெள்ளைச் சட்டை ஏம்மா இப்படி ஆச்சு? இவ எதைத் தொட்டா?"

"வெள்ளையா? வாங்கும்போதே நீலந்தான். கண்ணாடியை மாத்துங்க முதல்ல"ன்னாங்க நாத்தனார். என் பக்கம் திரும்பி, "இதையே பிரிண்டுக்கு அனுப்பு"ன்னாங்க.

இப்ப ஹால்ல நாலடிப் படமா தொங்குது, என் கண்ணு ரெண்டும் நல்லா திறந்திருக்கு. வர்றவங்க எல்லாம், "நீலச் சட்டை அவருக்கு எடுப்பா இருக்கே"ங்கறாங்க. நாத்தனார் உடனே என்னைப் பார்ப்பாங்க.

அப்ப மட்டும் நான் கண்ணை மூடிக்குவேன்.