மேடு ஏறும் வண்டி

கபூர் நானாவின் கடை வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. இரண்டும் சீனாவில் செய்தவை, இரண்டும் கரண்டில் ஓடுபவை. ஒன்று சிவப்பு ஸ்கூட்டர், இரண்டு பேர் உட்காரலாம். மற்றது சைக்கிள் மாதிரி. மிதிக்கப் பெடல், பின்னால் கெரியர், சீட்டுக்குக் கீழே செங்கல் போல ஒரு பெட்டரி, வெளியே தெரியும்படி.

"ரெண்டுக்கும் நம்பரும் வேணாம், லைசனும் வேணாம்," என்றார் கபூர். "ஊட்டுல பிளக்க சொருகினா சரி."

துஷ்யந்தியிடம் லைசன் இல்லை. அதனால்தான் வந்திருந்தார்கள். அவளுக்குப் பெல்மதுளையில் ஒரு டாக்டரிடம் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். மழையில் மண் சரிந்ததிலிருந்து அவர்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்து முதல் பஸ் ஏழரைக்குத்தான் டவுனுக்கு வருகிறது. குறுக்கு வழியில் நடந்து வந்து பார்த்தாள். அட்டை கடித்த காலில் இரத்தம் வழிய நோயாளிகள் முன்னால் நின்றாள். திங்கட்கிழமையும் பிந்தினால் வேறு பிள்ளையை வேலைக்கு எடுப்பதாக டாக்டரின் மனைவி சொல்லிவிட்டாள். இன்று சனி.

அவள் புருஷன் ஸ்ரீதரன் தேயிலை ஃபெக்டரியில் நைட் வேலை முடித்து, தூங்காமல் நேராக வந்திருந்தான். அவன் கண் ஸ்கூட்டரை விட்டு நகரவில்லை.

"இதுதான் வண்டி. அது தபால்காரன் சைக்கிள்."

"ஓட்டப்போறது யாரு, நீங்களா?"

"ஞாயித்துக்கிழமைல ஒன்ன ஏத்திக்கிட்டுப் போக வேணாமா?"

"ஊர் சுத்தவா வாங்குறோம்? இத லயத்து வீட்டுப் படியில யாரு தூக்குறது? சைக்கிள்னா பெட்டரிய மட்டும் கழட்டிட்டுப் போய் உள்ள வச்சு சார்ஜ் போடலாம்."

"மேடு ஏறுமா அது? பாதி வழியில செத்துச்சுன்னா நீதான் மிதிக்கணும். நாக்கு தள்ளிரும்."

தோட்டத்துக்குப் போகும் பாதை பாலத்தைத் தாண்டினால் மேடுதான்.

"ஸ்கூட்டர கொண்டுபோய் ஏத்திப் பாருங்க," என்றார் கபூர். "ஐ.டி.ய மட்டும் வெச்சிட்டுப் போங்க தம்பி. நீங்க அப்பிடியே யாழ்ப்பாணம் போயிட்டா நா எங்க தேட?"

மூவரும் சிரித்தார்கள். ஸ்ரீதரன் அடையாள அட்டையை நீட்டினான். கபூர் அதை மேசை லாச்சியில் போட்டார். வளையத்திலிருந்து ஒரு சின்னச் சாவியையும் கழற்றி அதோடு போட்டுப் பூட்டினார்.

"சீட் சாவி. பெட்டரி அதுக்குள்ளதான் ஈக்கிது. போன மாசம் ஒத்தன் ஓட்டிப் பாக்கக் கொண்டுபோய் பெட்டரிய மாத்தி வெச்சிட்டு வந்தான்."

ஐ.டி. இல்லாமல் போவதைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் யோசிக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் எதை வாடகைக்கு எடுத்தாலும் ஐ.டி.யை வைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். கல்யாணத்துக்குக் கதிரை, சடங்குக்கு ஸ்பீக்கர் பெட்டி, எல்லாவற்றுக்கும் அதுதான். அடகு வைக்க அவர்களிடம் வேறு எதுவும் இருந்ததில்லை.

மேட்டின் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில், செக் பொயின்ட். அங்கே வழக்கமாக நிற்கும் ஊர்காவல்காரர் அவர்களைத் தெரிந்தவர். புது வண்டியைப் பார்த்துச் சிரித்துக் கையைக் காட்டினார். ஸ்கூட்டர் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு முக்காமல் முனகாமல் கோவில் வளைவு வரை ஏறியது.

"எப்பிடி?" என்று ஸ்ரீதரன் கத்தினான். "எப்பிடி ஏறுது பாத்தியா?"

துஷ்யந்தி இந்த வாதத்தில் தோற்றுவிட்டதாகத்தான் நினைத்தாள்.

திரும்பி வரும்போது ஊர்காவல்காரர் இல்லை. ஆள் மாறி, ஆமிக்காரர்கள் நின்றார்கள். எல்லாம் புது முகங்கள். இரண்டாயிரத்து ஒன்பது, தை மாதம். வடக்கில் கடைசிச் சண்டை நடந்தது. இங்கே ஆளில்லாத பார்சல் ஒன்றைக் கண்டால் பஸ்ஸே காலியாகும்.

"ஐ.டி.," என்றான் கோப்ரல்.

துஷ்யந்தி தன்னுடையதைக் கொடுத்தாள். அவன் ஸ்ரீதரன் பக்கம் திரும்பி, உன்னுடையது எங்கே என்று சிங்களத்தில் கேட்டான்.

ஸ்ரீதரன் ஃபெக்டரியில் சிங்களத்தில் பகிடி விட்டு எல்லோரையும் சிரிக்கவைக்கிறவன். இப்போது வாயைத் திறந்தால் தமிழ்தான் வந்தது. "கடையில... கடையில இருக்கு சேர்."

"நம்பர் பிளேட்?"

"இதுக்கு இல்ல சேர்."

"கண் ஏன் சிவந்திருக்கு?"

"நைட் வேலை சேர்."

கோப்ரல் சீட்டைப் பிடித்து இழுத்தான். திறக்கவில்லை. குனிந்து பார்த்தான். சீட்டுக்கு அடியிலிருந்து தடித்த வயர்கள் இரண்டு கீழே இறங்கின. அவன் நிமிர்ந்து இரண்டு அடி பின்னால் போனான். பிறகு எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிக் கத்தினான். ஸ்ரீதரனை மட்டும் மண்மூட்டைச் சுவரோரம் கைகளைத் தலையில் வைத்து நிற்கச் சொன்னான். ரேடியோவில் பேசினான். இரத்தினபுரியிலிருந்து ஜீப் வருகிறதாம்.

ஜீப் வந்தால் என்ன நடக்கும் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் மேல் பிரிவில் முத்துவீரனை ஏற்றிக்கொண்டு போனார்கள். தீபாவளிக்கு விட்டுவிடுவார்கள் என்றார்கள். இன்னும் விடவில்லை.

துஷ்யந்தி சிங்களத்தில் நிதானமாகப் பேசினாள். வண்டி கடைக்காரருடையது. ஓட்டிப் பார்க்க எடுத்து வந்தோம். இவர் ஐ.டி.யும் சீட் சாவியும் அவரிடம் இருக்கின்றன. நான் போய்க் கொண்டுவருகிறேன்.

கோப்ரல் அவளுடைய ஐ.டி.யைத் தன் பையில் போட்டான். "ஜீப்புக்கு முந்தி வா. பிந்தினா இரத்தினபுரிக்கு வா."

கீழே போகும் கொழுந்து லொறி ஒன்றில் ஏறிக்கொண்டாள். டவுனில் இறங்கி ஓடினாள். கபூர் கதையைக் கேட்டு லாச்சியைத் திறப்பதற்குள் இரண்டு முறை அதன் சாவியைக் கீழே போட்டார்.

"அல்லாவே. நானே வைக்கச் சொன்னேனே."

"நீங்களும் வாங்க நானா. ஒரு வார்த்த சொன்னா போதும்."

"நா வந்தா கடையையும் கிண்டிப் பாப்பாங்கம்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டாண்டில் த்ரீவீல்காரர் யாரும் வர ஒத்துக்கொள்ளவில்லை. மேலே குண்டு வைத்த வண்டி பிடிபட்டிருக்கிறதாம், லொறிக்காரன் சொன்னானாம். அவள் திரும்பி வந்து, கேட்காமலேயே அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். கபூர் தடுக்கவில்லை.

பாலம் வரை அது நன்றாக ஓடியது. மேட்டில் கொஞ்ச தூரம் ஏறியதும் சிவப்பு லைட் எரிந்தது, பிறகு மோட்டர் அடங்கிவிட்டது. கடையில் யாரும் ஒழுங்காகச் சார்ஜ் போட்டிருக்கவில்லை. இனி மிதிதான். பெட்டரியின் கனம் வண்டியைப் பின்னால் இழுத்தது. எழுந்து நின்று மிதித்தாள். தொடை எரிந்தது. இறங்கித் தள்ளலாம், ஆனால் அது நடைதான். கீழே எங்கோ வளைவில் ஒரு டீசல் என்ஜின் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி வளைவில் ஜீப் அவளை முந்தியது.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஸ்ரீதரனை ஜீப்பின் பின்பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். ஒரு கால் படியில். அவள் சைக்கிளை ரோட்டில் போட்டுவிட்டு ஓடினாள். கத்த நினைத்தாள், மூச்சு இல்லை. ஐ.டி.யையும் சாவியையும் கையில் உயர்த்திப் பிடித்தாள்.

ஜீப்பில் வந்த ஒஃபிசர் அட்டையைப் பார்த்தார், ஸ்ரீதரனைப் பார்த்தார். சாவியை வாங்கவில்லை.

"நீயே திற," என்றார்.

எல்லோரும் பின்வாங்கினார்கள். அவள் நடந்து போய்ச் சீட்டைத் திறந்தாள். பெட்டரி, வயர்கள், ஆடாமலிருக்கச் செருகிய பழைய சிங்களப் பேப்பர். வேறொன்றும் இல்லை. ஒஃபிசர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. அவர் கையைக் காட்டியதும் ஸ்ரீதரனை விட்டார்கள், இருவரின் ஐ.டி.யையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது கவனித்தாள். ரோட்டில் அவள் போட்ட சைக்கிளை ஒரு சிப்பாய் தூக்கி மண்மூட்டையில் சாய்த்து வைத்திருந்தான். அதன் பெட்டரியை யாரும் தொடவில்லை. இது யாருடையது என்றுகூட யாரும் கேட்கவில்லை.

கடைக்குத் திரும்பியதும் கபூர் இருவருக்கும் பிளேன்டீ கொடுத்தார். பாதியைக் குடித்து முடித்ததும் ஸ்ரீதரனுக்குக் குரல் வந்துவிட்டது.

"ஸ்கூட்டரே எடுப்போம். இனி நம்மள அவனுங்களுக்குத் தெரியும்."

"அடுத்த கிழம வேற ஆளுங்க நிப்பாங்க. அவங்களுக்கு?"

"சாவிய கையில வச்சிருந்தா தொறந்து காட்டலாம்ல."

"தெனமும் போகையிலயும் வரையிலயும் நான் சீட்ட தொறந்து காட்டிக்கிட்டு நிக்கணுமா? ஏழு மணிக்கு எப்பிடிப் போறது?"

"மேடு ஏறாதுடி அது. நீதானே மிதிச்ச, தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம்?"

"மிதிச்சா வந்து சேரலாம்."

கபூர் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். "ஸ்கூட்டர் எப்பிடி, மேடு ஏறிச்சா?"

"நல்லா ஏறுது நானா," என்றாள் துஷ்யந்தி. "சைக்கிள சார்ஜ் போடுங்க. இப்பவே கொண்டு போறோம்."

பின்னேரம் அவள் சைக்கிளில் மெதுவாக முன்னால் போனாள். அரைகுறைச் சார்ஜில் இரண்டு பேரை அது இழுக்காது. ஸ்ரீதரன் பஸ் கிடைக்காமல் பின்னால் நடந்தான். செக் பொயின்டில் அதே கோப்ரல். சைக்கிளைப் பார்த்தான், தலையை அசைத்தான், அவள் நிற்காமல் தாண்டினாள்.

ஸ்ரீதரனை நிறுத்தினான்.

"ஐ.டி."

ஸ்ரீதரன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். காலையில் பார்த்த அட்டையையும் முகத்தையும் கோப்ரல் முதல் தடவை பார்ப்பதுபோல மாற்றி மாற்றிப் பார்த்தான். மேலே வளைவில் மோட்டர் சத்தம் நின்று, மிதிக்கும் செயின் சத்தம் தொடங்கியது.