மான் தலைகளுக்குக் கீழே ராஜ்மா

குர்லால் சொன்னதை நான் நம்பவில்லை. வயோமிங் பொட்டல்வெளியில், தூண்டில் புழுவும் துப்பாக்கியும் விற்கிற கடையின் பின்பக்கம், பதினோரு டாலருக்கு வயிறு முட்டச் சாப்பாடு என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் வியாழக்கிழமையானால் ராஜ்மா, தந்தூர் அடுப்பிலிருந்து சுடச்சுட ரொட்டி. எட்டு மாதமாக என்னிடம் தொழில் பழகி, என்னோடு ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவன். என்னைக் குரு என்கிற அர்த்தத்தில் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவான். வாயால் வடை சுடுவதில் கெட்டிக்காரன்.

"உஸ்தாத், அடுத்த எக்ஸிட்ல ஒடிச்சிடுங்க. ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் திட்டுங்க."

"காக்கா குருவிகூட இல்லாத காட்டுல உனக்கு எவன்டா ராஜ்மா வேகவைக்கிறான்? பேசாம போய்ப் படு."

காற்று பலம், காலி டிரெய்லர்கள் போகக்கூடாது என்று சாலையோரப் பலகை மின்னிக்கொண்டிருந்தது. எங்கள் டிரெய்லர் காலி. அதையும் நான் மதிக்கவில்லை. சால்ட் லேக் சிட்டியில் சரக்கு காத்திருந்தது, எனக்கு அவசரம். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலிருந்த படுக்கையில் ஏறித் திரையை இழுத்துவிட்டான். நாலு மைல் தாண்டியதும் காற்று வண்டியைப் புரட்டிப் போட்டது. எனக்குத் தோள்பட்டை மட்டும் உடைந்தது. அவன் போய்விட்டான். வயது இருபத்தாறு.

நான்தான் எரித்தேன். சாம்பலைப் பஞ்சாபில் மோகா பக்கத்திலிருக்கும் அவன் அம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். கேட்டவர்களிடம் காற்று என்றேன். அந்தச் சாலையில் காற்றில் லாரி கவிழ்வது செய்தியே இல்லை, அதனால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெம்பாக இருந்தது. அங்கே தாபா எதுவும் கிடையாது, பையன் கதை விட்டான். நிறுத்தியிருந்தாலும் தூண்டில் கடையைப் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் கிளம்பியிருப்போம், காற்று எப்படியும் எங்களைப் பிடித்திருக்கும். இரண்டு வருடம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன்.

போன பிப்ரவரியில் போலீஸ்காரர்கள் நெடுஞ்சாலையை மூடி எல்லா வண்டிகளையும் அதே எக்ஸிட்டில் இறக்கிவிட்டார்கள். நண்பகல். இறங்கிக் கதவைச் சாத்தியதுமே வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. நான் சத்தியமாகத் திரும்பி வண்டியில் ஏறப் பார்த்தேன், கால்தான் கேட்கவில்லை.

தூண்டில் கடை இருந்தது. அதன் பின்பக்கக் கதவில் பஞ்சாபியில் 'வாங்க' என்று எழுதியிருந்தது. உள்ளே சுவர் நெடுக யாரோ வேட்டைக்காரன் விட்டுப்போன மான் தலைகள், அவற்றின் கண்ணாடிக் கண்களுக்குக் கீழே ஆவி பறக்கும் எவர்சில்வர் ட்ரேக்கள். ராஜ்மா, கீரை, சீரகச் சோறு, அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய். பதினைந்து டிரைவர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விலைப் பலகையில் பதினோரு டாலர், டீ இலவசம். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்று ஒரு வாய் வைத்தேன். உப்பு சரி, காரம் சரி, பயறு வெண்ணெயாகக் கரைந்தது. எனக்குக் கோபம் வந்தது. செத்தவன்மேல் கோபப்பட முடியுமா? நான் பட்டேன்.

ரொட்டி கொண்டுவந்த பெண் என் கையைப் பார்த்தாள். உடைந்து கூடிய தோள் என்பதால் இடது கையை நான் தூக்கமாட்டேன். நான் ரொட்டி கேட்ட பஞ்சாபியிலேயே ஊர் தெரிந்துவிட்டது போல. "மோகா பக்கமா பாஜி?" என்றாள், அண்ணன் என்கிற மரியாதையோடு. "பேரு?"

"பல்கார் சிங்."

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "குர்லாலோட உஸ்தாதா? ரெண்டு வருஷம் கழிச்சா வழி தெரிஞ்சுது? அவர் எங்கே?"

பெயர் நவ்ரூப். கடையைத் தகப்பனார் கபூர் சிங்கோடு சேர்ந்து நடத்துகிறாள். அவர் முன்பக்கம் தூண்டில் விற்கிறார். மீதியை அவளே சொன்னாள். தகப்பன் இல்லாத குர்லாலுக்காக அவளைப் பெண் கேட்க ஒரு பெரிய மனிதர் வேண்டும். என் உஸ்தாதைக் கூட்டிவருகிறேன், ராஜ்மா சாப்பிட்டால் மனம் இளகிவிடும், அவரே உன் அப்பாவிடம் பேசுவார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதன்பிறகு போன் எடுக்கவில்லை.

என்னைத்தான் கூட்டிவந்திருக்கிறான், பாவி, ஒரு வார்த்தை சொல்லாமல்.

"கனடா போயிட்டான். பிராம்ப்டன்ல இருக்கான், போன் நம்பர் மாறிப்போச்சு" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அதோடு முடிந்திருக்கும். பக்கத்து மேசையிலிருந்த தோச்சி என்ற டிரைவர் விடவில்லை. தெரியாது என்ற சொல்லை எங்கள் ஆட்கள் செத்தாலும் சொல்லமாட்டார்கள்.

"மோகா குர்லாலா? அட, நான் போன மாசம்தான் பார்த்தேன்! குருத்வாரா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருக்கான்."

நவ்ரூப் சிரித்தாள். "சதை போட்டிருக்காரா? யார் சமைக்கிறாங்களாம்?"

அந்த இடத்தை விட்டு ஓடியிருக்க வேண்டும். நான் மாதம் ஒரு முறை போக ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் அங்கே டிரைவர்கள் பேச்சில் குர்லால் வளர்ந்திருந்தான். சொந்தமாக லாரி வாங்கியிருந்தான். தாடியை ஒட்ட வெட்டியிருந்தான். ஒருவனுக்குப் பனியில் டயர் மாற்றிக் கொடுத்திருந்தான். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கினார்கள். கேட்கக் கேட்க எனக்கே குழம்பியது, நான் எரித்தது யாரை என்று. வண்டியில் பின்னால் படுக்கைத் திரையைத் திறந்தே வைத்தேன். பிறகு பயந்து மூடினேன். வளைவுகளில் பிரேக்கை மெதுவாக மிதிப்பேன், தூங்குகிறவன் உருண்டுவிடக் கூடாதே என்று. ஒரு நாள் மத்தியானம் "எழுந்திரிடா, உன் முறை" என்று வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன். அதன்பிறகு திரும்பிப் பார்க்கத் தைரியம் வராமல் முப்பது மைல் ஓட்டினேன்.

ஜூலையில் கபூர் சிங் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஃப்ரெஸ்னோவிலிருந்து நல்ல இடம் வந்துச்சு. வேணாம்னுட்டா. மூணாவது இது. அவனுக்கு ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்க, இல்ல வரமாட்டேன்னாவது சொல்லச் சொல்லுங்க. எனக்கு எழுபது வயசு, பாஜி."

வியாழக்கிழமை. கூடம் நிறைந்திருந்தது. நவ்ரூப் ரொட்டித் தட்டோடு வந்தாள். தள்ளிப்போட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்றேன்.

"நவ்ரூப், நான் சொன்னது பொய். குர்லால் செத்துட்டான். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான்தான் எரிச்சேன்."

"ஓய் பாஜி, என்ன பேசறீங்க?" தோச்சி ரொட்டியைக் கீழே போட்டான். "மே மாசம் நான் அவன்கூட டீ குடிச்சேன்!"

"எனக்கு டயர் மாத்திக் கொடுத்தானே" என்றான் இன்னொருவன். அவன் கண்ணைப் பார்த்தேன், நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தான். "உயிரோட இருக்கிறவனைப் போய்ச் சபிக்கிறீங்களே, வாயைக் கழுவுங்க" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். பதினைந்து சாட்சிகள் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் நான் ஒருத்தன். அதுவும் பொய் சொன்னேன் என்று சொந்த வாயால் ஒப்புக்கொண்டவன்.

நவ்ரூப்பின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவள் அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"அவர் சொல்லி அனுப்பினாரா?"

"என்னது?"

"என்னைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லச் சொல்லுங்க, பாஜி. நான் தாங்கிக்குவேன். அதுக்காக அவரைச் சாகடிக்கணுமா?"

அப்படியே விட்டிருக்கலாம். ஏமாற்றியவனை நாலு மாதம் திட்டிவிட்டு, ஃப்ரெஸ்னோ மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள். என் பங்கும் வெளியே வந்திருக்காது. கெட்ட பெயர் அவனுக்குத்தான், அவன் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை. இதையெல்லாம் நான் யோசித்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் அவன் அவளை விட்டு ஓடியவன் இல்லையே.

வண்டிக்குப் போனேன். போலீஸ் கொடுத்த விபத்து அறிக்கை ஓட்டுநர் கதவின் பையில் இருந்தது. அதை எறியவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் வண்டிக்கு வண்டி மாற்றிக்கொண்டிருந்தேன். கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். தோச்சி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நின்றபடி படித்தாள். இறந்தவர் பெயரில் விரல் நின்றது. தேதியில் நின்றது. ஓட்டியவர் பெயரில் நீண்ட நேரம் நின்றது.

"நாலு மைல்" என்றாள்.

"இங்க நிறுத்தச் சொன்னான். கெஞ்சினான். இப்படி ஒரு இடம் இருக்குன்னு நான் நம்பல."

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பாள், அறைவாள், மேசையிலிருக்கும் ரொட்டித் தட்டை எடுத்து மூஞ்சியில் எறிவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவள் காகிதத்தை மடித்தாள்.

"அன்னிக்கு அவர் ஏதாவது சாப்பிட்டிருந்தாரா?"

'நல்லா சாப்பிட்டான் பேட்டா, வயிறு நிறைய' என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எனக்குப் பழகிய வேலைதான்.

"இல்ல, பேட்டா" என்றேன். "நான் காலையில ரெண்டு தடவை கூப்பிட்டேன். பசியை மிச்சம் வச்சிருக்கேன், உஸ்தாத், நீங்க சாப்பிடுங்கன்னுட்டான்."