மோருக்கு அனுமதியுள்ள மாவட்டம்

விஷாலினி மோர் விற்றாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கோல சிலாங்கூர் மாவட்டத்துப் பெஸ்தாரி ஜெயாவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மலிவு விலை வீட்டில் அம்மா தனேஸ்வரியோடும் தம்பி விமலனோடும் அவள் குடியிருந்தாள். முன்பு ரவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. தொழிற்சாலை ஒருநாள் மூட்டை முடிச்சோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. விஷாலினியை மட்டும் மறந்து விட்டுவிட்டுப் போனது.

சும்மா இருக்க முடியாமல், மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் பால் வாங்கினாள். தயிராக்கிக் கடைந்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு, போத்தலில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்தாள். வெயிலில் பழக்குலை வெட்டிவிட்டு வருகிறவர்கள் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்து, இன்னொன்று கேட்டார்கள். எண்ணெய் ஆலைக் கேன்டீன் கேட்டது. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒரு மேசை கிடைத்தது. அதுவரை அந்த மோருக்குப் பெயரே இல்லை. 'விஷா தண்ணி' என்றார்கள், குடித்தார்கள், போனார்கள்.

பெயர் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய குறை என்பதை அவளுக்கு உணர்த்தியது நிறுவனம்தான். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். நாட்டில் பாதிக் குளிர்பானம் அவர்களுடையது. அதில் ஒரு பானத்தின் பெயர் ஆங்கிலத்தில் எம், ஓ, ஆர் என்று தொடங்கும். மிச்ச எழுத்துகளை நான் சொல்லப்போவதில்லை. எனக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை.

அந்த நிறுவனம் கோல சிலாங்கூர் மண்டபத்தில் இளம் தொழில்முனைவோருக்கு இலவசப் பயிற்சி முகாம் நடத்தியது. சாப்பாடும் இலவசம். நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவிலிருந்து நித்தியா என்ற அதிகாரி வந்து, மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பேசினார்.

"சின்னதா யோசிக்காதீங்க! நீங்க மோர் விக்கல, ஒரு பிராண்ட விக்கிறீங்க. இங்கிலீஷ்ல, ஷார்ட்டா, காதுல ஒட்டுற மாதிரி ஒரு பேரு வைங்க!"

விஷாலினி ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் 'மோர் ஃபிரெஷ்' என்று எழுதிக் காட்டினாள். நித்தியா கைதட்டினார். அவளைப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார். விமலன் கைப்பேசியில் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, பச்சை நிறத்தில் லேபல் செய்தான். அதில் ஒரு மின்னல் கீற்றும் இருந்தது. மோருக்கும் மின்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டார். செயலியோடு வந்தது, சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்றான்.

பெரிதாக யோசித்ததில் பலன் இருந்தது. ரவாங்கில் ஒரு பேரங்காடி அலமாரியில் இடம் தருவதாகச் சொன்னது. கெர்லிங் கோயில் திருவிழாவுக்கு ஆர்டர் வந்தது. பிறகு கூரியரில் வழக்கறிஞர் கடிதம் வந்தது.

விமலன் அதை இரண்டு முறை வாசித்தான். முதல் முறை அவனுக்கே புரியவில்லை.

"அக்கா, நம்ம மோரப் பாத்து அவங்க கஸ்டமரு கொழம்பிருவாங்களாம். அவங்க பானம்னு நெனச்சு நம்மளோடத வாங்கிருவாங்களாம்."

"யாரு அது கொழம்புறது? அவங்களோடது கறுப்பா இருக்கும், நொரை பொங்கும். நம்மளோடதுல கறிவேப்பிலை மெதக்குது."

"பேரும் ஒண்ணாட்டம் இருக்காம், லேபலும் ஒண்ணாட்டம் இருக்காம். விக்கிறத நிப்பாட்டணும், இருக்கிற லேபல எரிக்கணும், பேப்பர்ல மன்னிப்புக் கேக்கணும். இல்லாட்டி கேஸு."

தனேஸ்வரி அடுப்படியிலிருந்து வந்தார். "மோர மோருன்னு சொல்லாம வேற என்னான்னு சொல்றதாம்? அந்தத் தொரைக்கு அவங்கம்மா மோரே ஊத்துனது இல்லையா?"

கடிதத்தின் படம் வாட்ஸ்அப்பில் போனது. மறுநாளே ஊர் முழுக்க வணிகச் சின்னச் சட்ட நிபுணர்கள் முளைத்தார்கள். மோர் தமிழினத்தின் சொத்து என்று ஒருவர் குரல்பதிவு போட்டார். அவர் மோர் வாங்க விஷாலினியின் மேசைக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒரு செய்தித் தளம் விஷாலினியைப் போத்தலோடு நிற்க வைத்துப் படம் பிடித்து, 'மோருக்கு வந்த சோதனை' என்று தலைப்பிட்டது. வெளியூரிலிருந்து கார் போட்டு வந்து வாங்கினார்கள். ஆதரவு என்றார்கள், போத்தலோடு செல்ஃபி எடுத்தார்கள். சிலர் குடிக்கவும் செய்தார்கள். பேரங்காடி மட்டும், பிரச்சினை முடிந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு அலமாரியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது.

இந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான் இன்னொரு தொல்லை வந்தது. ஆலையில் வேலை செய்யும் ஒருவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் சுண்டியிருந்தது.

"என்னாம்மா ஒன் மோரு? நேத்து ராத்திரி முழுக்க நான் கக்கூஸ்ல குந்திக்கிட்டிருந்தேன்."

"நேத்து நான் கடையே போடலியே அண்ணே."

"புக்கிட் ரோத்தான்ல வாங்கினேன். மோர் ஃபிரெஷ்தான். பச்சை லேபலு."

விஷாலினிக்குக் காது சூடானது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே புக்கிட் ரோத்தானுக்குப் போனாள். சாலையோரத்தில் செல்லன் பர்கர் கடை வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பர்கருக்குப் பக்கத்தில் வாளியில் போத்தல்கள். அதே பச்சை, அதே மின்னல். 'ஃபிரெஷ்' என்பதில் மட்டும் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல். வாளியில் இருந்தது ஐஸ் அல்ல, வெறும் தண்ணீர்.

"அண்ணே, இது என்னா இது? என் பேரு, என் லேபலு!"

"கோவிச்சுக்காத தங்கச்சி. போன்ல நியூஸ் பாத்தேன். நல்லா ஓடுதுன்னாங்க. நானும் நாலு காசு பாக்கலாம்னுதான் போட்டேன்."

"ஒங்க மோரக் குடிச்சவன் வயித்தப் புடிச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து நிக்கிறான்! கேஸு போட்டுருவேன், பாத்துக்குங்க!"

சொல்லி முடித்ததும் அவளுக்கே என்னவோ போல் இருந்தது. 'கேஸு போட்டுருவேன்' என்பது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது! செல்லன் உண்மையிலேயே பயந்துவிட்டார். சட்டியில் பர்கர் கருகியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"கேஸெல்லாம் வேணாம்மா. மூணு புள்ளைங்க இருக்கு. இப்பவே கிழிச்சுர்றேன்."

இருவரும் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து லேபல்களைக் கிழித்தார்கள். பிறகு விஷாலினி, மோரை ஐஸில் வைக்காவிட்டால் புக்கிட் ரோத்தான் வெயிலில் அது மோராக இருக்காது, வேறு ஏதாவது ஆகிவிடும் என்றாள். செல்லன் ஒரு பர்கரைப் புங்குஸாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த வழக்கு அப்படி முடிந்தது. வழக்கறிஞர் செலவு கிடையாது.

வீட்டுக்கு வந்தவள் தம்பியிடம் சொன்னாள். "நம்ம லேபலையும் கம்பெனிக்காரங்க லேபலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன்டா. பச்சை ஒரே பச்சைதான். மின்னலும் அப்படியே இருக்கு."

"அப்ப அவங்க சொல்றது சரிங்கிறியா?"

"பச்சையப் பத்திச் சொன்னது சரி. மோரப் பத்திச் சொன்னதுதான் அநியாயம்."

நிறுவனம் அவளைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. செய்தித் தளத்தில் வந்த படத்துக்குக் கீழே மக்கள் எழுதிய கருத்துகளை யாரோ மேலிடத்தில் வாசித்துவிட்டார்கள் போலிருக்கிறது. கோலாலம்பூரில், மேகத்தைத் தொடும் ஒரு மாடியில், குளிர் எலும்பைத் துளைக்கும் அறையில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்தார்கள். எதிரே முகுந்தன், நிறுவனத்தின் வழக்கறிஞர். கதவு திறந்தது. நித்தியா உள்ளே வந்தார்.

"ஹாய் விஷா! எவ்ளோ நாளாச்சு! பிசினஸ் எப்படிப் போகுது?"

முகுந்தன் தொண்டையைச் செருமினார். "அவங்க பிசினஸ நிப்பாட்டத்தான் இந்த மீட்டிங், நித்தியா."

"ஓ," என்றார் நித்தியா. அதன்பிறகு அவர் தன் கைப்பேசியைத் தவிர யாரையும் பார்க்கவில்லை. இளம் தொழில்முனைவோரை வளர்க்கும் பிரிவு ஒரு மாடியில் இருந்தது. அவர்களை வெட்டும் பிரிவு இன்னொரு மாடியில் இருந்தது. மின்தூக்கியில் சந்தித்தால் புன்னகைப்பார்கள், அவ்வளவுதான்.

முகுந்தன் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். "இந்தப் பேருக்கு எங்க கிளையன்ட் கோடிக்கணக்குல செலவழிச்சிருக்காங்க மிஸ் விஷாலினி. இன்னைக்கு ஒங்கள விட்டா, நாளைக்குப் பத்துப் பேர் வருவாங்க. அப்புறம் அந்தப் பேருக்கு மதிப்பே இருக்காது."

"அது எனக்குப் புரியுது சார். என் பேரையும் ஒருத்தரு எடுத்தாரு. நானும் துள்ளுனேன்."

அவர் எதிர்பார்த்த பதில் இது இல்லை. ஆனாலும் தயாராக வைத்திருந்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். நிறுவனம் பெருந்தன்மையோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறது என்றார். 'மோர் ஃபிரெஷ்' கூடாது. ஆனால், மோர் என்ற சொல்லை மட்டும், தமிழ் எழுத்தில் மட்டும், கோல சிலாங்கூர் மாவட்டத்துக்குள் மட்டும் அவள் பயன்படுத்தலாம்.

"மாவட்டத்துக்குள்ளயா?"

"ஆமா. அது ஒரு ஸ்டாண்டர்ட் ஏற்பாடுதான்."

"கெர்லிங் கோயில்ல திருவிழா ஆர்டர் இருக்கு சார்."

முகுந்தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "கெர்லிங் உலு சிலாங்கூர்ல இருக்கு."

"ஆமா."

"அப்ப முடியாது."

"அங்க போயி மோர என்னான்னு சார் சொல்றது?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "பால் சார்ந்த பானம்னு சொல்லலாம்."

விமலன் சிரித்துவிட்டான். முகுந்தனுக்கும் உதடு துடித்தது. ஆனால் அவர் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறவர். அடக்கிக்கொண்டார்.

"ஒரு கேள்வி சார்," என்றாள் விஷாலினி. "நான் பேரு வச்சது ஒங்க கம்பெனி முகாம்லதான். இவங்க கைதட்டுனாங்க. அதுக்கப்புறம் ஒருத்தராச்சும் ஒரு போன் போட்டு, 'தங்கச்சி, பேரு எங்களோடதாட்டம் இருக்கு, மாத்திக்க'ன்னு சொன்னாங்களா? சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன் லா."

"அது நடைமுறை இல்ல."

"கேஸு போடுறது?"

"அது நடைமுறை."

நித்தியா கைப்பேசியை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

விஷாலினி அந்தத் தாள்களைத் திருப்பி முகுந்தன் பக்கமே தள்ளினாள். "பச்சை லேபல எடுத்துர்றேன். இங்கிலீஷ் பேரையும் எடுத்துர்றேன். அது ஒங்களோடதாட்டம்தான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா மோருங்கற வார்த்தைய எந்த ஊருல சொல்லலாம்னு ஒங்ககிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கிக்க முடியாது. அதுக்குக் கேஸு போடறதுன்னா போடுங்க. கோர்ட்ல வந்து மோருன்னா என்னான்னு சொல்றேன்."

கீழே இறங்கி வரும்போது அவளுக்கு வீரம் ஒன்றும் தோன்றவில்லை. கேஸ் போட்டால் வீட்டை விற்க வேண்டியிருக்குமோ என்று ரயிலில் ரவாங் வரை யோசித்துக்கொண்டே வந்தாள். அதன்பிறகு பல நாள் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டாலே கூரியர்காரனோ என்று எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் வந்தது ஒரே ஒரு பக்கம். லேபல் மாற்றப்பட்டுவிட்டதால் இப்போதைக்கு மேல்நடவடிக்கை இல்லையாம், ஆனால் எல்லா உரிமைகளும் அவர்களுக்கே உண்டாம். இளையோர் மீதுள்ள அக்கறையால் விட்டுக்கொடுத்ததாக நிறுவனம் அறிக்கையும் வெளியிட்டது. அதை வாசித்துக் கண்ணீர் விட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. கட்டுக்கட்டாக அச்சடித்த லேபல்களை விமலன் வீட்டுக்குப் பின்னால் கொளுத்தினான். பேரங்காடியில் அலமாரி திரும்பக் கிடைக்கவில்லை.

இனிப் புதுப் பெயர் வேண்டும். விமலன் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையத்தளத்தில் தேடித் தேடிச் சலித்தான். நல்ல வார்த்தைகளையெல்லாம் யாரோ முன்பே வாங்கிவிட்டிருந்தார்கள். குளிர்ச்சி ஒருவருடையது, கிராமம் ஒருவருடையது, அம்மா மட்டும் நாலைந்து பேருடையது.

"ஒன் பேரையே வச்சுருவோம்க்கா. 'விஷா மோர்'."

"விஷ மோருன்னு படிப்பானுங்கடா," என்றார் தனேஸ்வரி. "ஏற்கனவே ஒருத்தனுக்கு வயித்தால போயிருக்கு."

"அப்ப ஒங்க பேரு வைப்போம்மா. 'தனேஸ்வரி மோர்'."

அம்மா கையிலிருந்த மத்தைக் கீழே வைத்தார். "கேஸு வந்தா என்னயத்தான் புடிச்சுக்கிட்டுப் போவாங்களா?"

"வராதும்மா. ஐசி அடையாளக் கார்டுலயே ஒங்க பேரு இருக்கே."

"அப்ப வைங்க. ஆனா மின்னல் வேணாம்."

வெள்ளைத் தாளில், கறுப்பு எழுத்தில், தமிழில் 'தனேஸ்வரி மோர்'. அந்த லேபலோடு கெர்லிங் கோயில் திருவிழாவுக்குப் போனார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டும்போது விமலன் வேனின் ஜன்னலைத் திறந்து, "மோரு, மோரு" என்று சாலைக்குக் கேட்கும்படி கத்தினான். யாரும் வந்து பிடிக்கவில்லை.

நல்ல வெயில். காவடி இறக்கிய கூட்டம் பந்தலை மொய்த்தது. வியாபாரம் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் போத்தலை எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், திரும்ப ஐஸுக்குள் வைத்தார்.

"இது வேணாம்மா. நியூஸ்ல வந்துச்சே ஒரு பொண்ணு, அவ மோரு இல்லையா? மோர் ஃபிரெஷ்?"

"அது நான்தான் தாத்தா. அதே மோருதான். பேருதான் மாத்திட்டோம்."

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் இப்படித்தான் சொல்லி விக்கிறீங்க. அந்தப் பொண்ணு பாவம், கம்பெனிக்காரனோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கா. நீங்க அவ பேரச் சொல்லி டூப்ளிகேட் விக்கிறீங்க. வெக்கமா இல்ல?"

விஷாலினி ஒரு போத்தலைத் திறந்து அவரிடம் நீட்டினாள். பெரியவர் பக்கத்துக் கடைக்குப் போய், எம், ஓ, ஆர் என்று தொடங்கும் கறுப்புப் பானத்தில் ஒன்றை வாங்கி, அவளைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.