தோன் கோயோவுக்கு வைக்காத தட்டு

வான்கோழியின் தொடைக்கறியை எலெயுத்தேரியோ தன் கையாலேயே எடுத்துப் பால்தோமேரோவின் தட்டில் வைத்தார். மகள் ஒத்தீலியாவைப் பெண் கேட்டு, மனைவி ரொசாவுராவோடும் மகன் இசாவுரோவோடும் மெக்சிகோ நகரத்திலிருந்து வந்திருப்பவர். தன் குடும்பம் விருந்தாளியை எப்படி நடத்தும் என்று அவர்கள் பார்க்கட்டும். கணவாயின் பைன் மரத்தடியில், மர மேசைமேல் ஒத்தீலியா வெள்ளைத் துணி விரித்திருந்தாள். எதிரே, உச்சியில் பனியும் அதற்கு மேல் புகையுமாக எரிமலை பளிச்சென்று நின்றது.

"அடேயப்பா, மலை போட்டோவுக்கு நிக்கற மாதிரி நிக்குதே!" என்றார் பால்தோமேரோ.

"மலைன்னு சொல்லாதீங்க சம்பந்தி. தோன் கோயோன்னு சொல்லணும்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பாராக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். எலெயுத்தேரியோவும் மீசைக்குள் கொஞ்சம் சிரித்தார்.

இரண்டு வாய்கூட உள்ளே போயிருக்காது. பள்ளத்திலிருந்து ஏறிய மேகம் முதலில் சரிவை மூடியது, பிறகு பனியை, பிறகு புகையை. எலெயுத்தேரியோவின் கை நின்றது. மேசையில் ஐந்து பேருக்கு ஐந்து தட்டுகள்தான் இருந்தன. தோன் கோயோவின் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் முதல் தட்டு அவருக்கு. எதிர்ப் பாறைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பை மெஸ்கால் சாராயமும் ஊற்ற வேண்டும். எலெயுத்தேரியோவின் அப்பாவும் தாத்தாவும் ஒருநாள்கூடத் தவறியதில்லை. விருந்தாளி மரியாதையில் அவர் மறந்துபோனார், அதுவும் பெண் பேசும் நாளில்.

"தேதியைப் பேசிடலாமா?" என்றார் பால்தோமேரோ.

"இன்னிக்கு வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

ரொசாவுரா கையிலிருந்த சோள ரொட்டியைத் தட்டில் போட்டாள். "எங்க பையன் பஸ் ஓட்டறவன். அதானே? நேராவே சொல்லிருக்கலாம். தொடைக்கறி போட்டுத்தான் சொல்லணுமா?"

இசாவுரோ தலை குனிந்துகொண்டான். ஒத்தீலியா அப்பாவை முறைத்துக்கொண்டே தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். "வாயைத் திறந்துடாதீங்கப்பா. இப்படியே உக்காந்திருங்க."

உழைத்துச் சாப்பிடும் பையனை ஏளனமாகப் பார்த்த வீடு என்று நகரம் வரைக்கும் பேர் போகப்போகிறது. மறந்துபோன தட்டைவிட அது பெரிய அவமானமாக எலெயுத்தேரியோவுக்குத் தோன்றியது. எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"பையன்கிட்ட ஒரு குறையும் இல்லை. தப்பு என்னோடது. முதல் தட்டு தோன் கோயோவுக்கு வெக்கணும். உங்களுக்கு வெச்சுட்டேன். எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் செய்யாத தப்பு. அவர் முகத்தை மூடிக்கிட்டப்புறம் எந்த வாயால தேதி சொல்வேன்?"

பால்தோமேரோ தன் தட்டைப் பார்த்தார். "அப்ப அவரு பங்கையா நான் தின்னுட்டேன்?"

"ரெண்டு வாய்."

"மிச்சத்தை வெச்சா?"

"எச்சில் ஆகாது. பானையில நல்ல துண்டா இன்னும் இருக்கு."

அதற்குள் மேகம் கணவாய்க்கும் பரவிவிட்டது. பானையிலிருந்து ஒரு தட்டில் கறி எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். எலெயுத்தேரியோ பாறைமேல் தட்டை வைத்தார். பால்தோமேரோ தன் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மெஸ்காலை ஊற்றினார். மேகம் அசையவில்லை.

"கோவம் போயிருக்குமா?"

"தெரியாது. மன்னிப்புக் கேட்டாச்சு. அவ்வளவுதான் நம்ம வேலை." எலெயுத்தேரியோ தொண்டையைச் செருமினார். பெண் வீட்டார் முந்திக்கொண்டு தேதி கேட்பது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. "மே மாசம் ரெண்டாவது சனிக்கிழமை உங்களுக்குத் தோதுப்படுமா?"

"மழைக்கு முன்னாடி. தோதுதான்."

"ரெண்டு பேரும் எங்க போய்த் தொலைஞ்சீங்க? கறி ஆறுது!" மேகத்துக்குள்ளிருந்து ரொசாவுராவின் குரல் கேட்டது.

நகரத்துக்காரருக்கு அந்தக் கற்களில் கால் வைக்கத் தெரியவில்லை. எலெயுத்தேரியோ அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.