சுண்ணாம்பு குடித்த ஹைட்ரேஞ்சியா

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் மாதா திருநாள் என்றால் பீடத்துக்கு நீலப்பூ மரியகொரட்டியின் வாசலிலிருந்துதான் போகும். மாதாவின் முக்காட்டு நிறமாயிற்றே என்று அவளுக்கு அதில் அத்தனை பெருமை. இந்த வருஷம் திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில், அவளுடைய ஹைட்ரேஞ்சியாச் செடி வெட்கமே இல்லாமல் ரோஸ் நிறத்தில் பூத்து நின்றது.

"கண்ணு பட்டிருச்சு," என்றாள் மரியகொரட்டி.

யாருடைய கண் என்று கேட்கத் தேவையில்லை. 'செடி தளதளன்னு இருக்கே' என்று போன மாதம் சொன்னவள் பக்கத்து வீட்டு நல்லம்மாதான். பூ ரோஸாக விரிந்த அன்றோடு இரண்டு வீட்டுக்கும் இடையே பேச்சு நின்றது. இருபது வருஷமாக உப்பும் மிளகாயும் இரவல் போய்வந்த வாசல் அது.

மரியகொரட்டியின் கணவர் பிலிப்புவுக்குச் சோறு இறங்கவில்லை. ஈஸ்டருக்கு லயத்து வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு வாளிச் சுண்ணாம்பை அந்தச் செடியடியில் கொட்டியவர் அவர்தான். தண்ணீர் ஓடும் கான் வரைக்கும் இருபது அடி நடக்கச் சோம்பல். ஃபக்டரி வேலைக்குப் போகுமுன், தேயிலை மலைக்கு டொலமைட் சுண்ணாம்புப் பொடி போட்டே பாதி ஆயுசைக் கழித்த மனிதர். புளிப்பு மண்ணில் இந்தப் பூ நீலமாகும், சுண்ணாம்பு சேர்ந்து புளிப்பு முறிந்தால் ரோஸாகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வாளி கையில் இருந்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளை ஓட்டினார். நல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்போதெல்லாம் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. திருநாளுக்கு முதல் நாள் மாலை, தாங்க முடியாமல் அவள் வீட்டுக்கே போய்விட்டார். உள்ளே மரியகொரட்டி காலை நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

பிலிப்பு வாசலிலேயே நின்றார். "மன்னிச்சிரு நல்லம்மா. நான்தான் செடிக்கு சுண்ணாம்ப ஊத்துனேன்."

"தெரியும்ணே," என்றாள் நல்லம்மா. "பூ விரிஞ்ச அன்னைக்கே செடியடிய கிண்டிப் பாத்தோம். வெள்ளை வெள்ளையா கெடந்துச்சு."

"அப்ப சண்டை?"

"நீங்க எத்தனை நாளைக்கு வாயத் தொறக்காம இருப்பீங்கன்னு பாத்தோம்," என்றாள் மரியகொரட்டி. "ஒரே நெரையில கொழுந்து எடுக்குறோம். பேசாம எப்படிங்க பொழுது போகும்?"

பிலிப்புவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ நிம்மதிதான். சிரித்தும்விட்டார்.

"சிரிச்சது போதும்," என்றாள் மனைவி. "நாளைக்குப் பூவ நீங்களே கோயிலுக்குத் தூக்கிட்டு வாங்க. நீலம் எங்கன்னு ஃபாதர் கேப்பாரு. அத்தன சனத்துக்கு முன்னால நீங்களே சொல்லுங்க."