குழாய்கள் குளிர்ந்த மதியம்

"சுவிட்ச அணைச்சதும் சத்தம் எங்கப்பா போகுது?"

பெத் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அவள் அப்பா கிரேம் ஆஸ்பின், இங்கிலாந்தின் பர்ன்லியில் தன் வீட்டுச் சமையலறை மேசைமேல், மின்சாரத்தில் இசை எழுப்பும் சின்தசைசர் மெஷினைத் திறந்து போட்டு, அறுந்த ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"சுவத்துக்குள்ள போயிடும்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான்.

அவள் சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம சுவத்துல ஒண்ணும் இல்லையே" என்றாள்.

அந்த வாரம்தான் அவனுடைய நார்த்லைட் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை இசைத்தட்டுக் கம்பெனி கேட்டு முடித்திருந்தது. பத்துப் பாட்டு சரி. கடைசிப் பாட்டுதான் பிடிக்கவில்லை. மெஷின் மட்டும்தான் கேட்கிறது, உள்ளே ஆளே இல்லை என்றார்கள். அடுத்த வெள்ளிக்குள் வேறு பதிவு வராவிட்டால் ஆல்பமே வராது. இதை நம்பித்தான் பாடகி டோனா தபால் நிலைய வேலையை விட்டிருந்தாள்.

கிரேம் இரண்டு நாள் யோசித்தான். பெத் சொன்னதில் ஏதோ இருந்தது. நம் சுவரில் இல்லாதது வேறொரு சுவரில் இருக்கலாம். சிறுவயதில் ஞாயிறு பள்ளிக்குப் போன பெல் தெரு மெதடிஸ்ட் ஆலயம் ஞாபகம் வந்தது. செவ்வாயிலிருந்து வியாழன் மதியம் ஒரு மணிவரை அதைக் கேட்டு வாங்கினான்.

பீடத்துப் படிகளில் ஸ்பீக்கர்களை வைத்து மெஷினின் ஒலியை உள்ளே விட்டார்கள். மைக்குகள் மேல்மாடத்தில். சுவர்கள் திருப்பித் தருவதை மட்டும் பிடிக்க வேண்டும் என்பது திட்டம்.

பெட்டியிலிருந்து தகரம்போலப் புறப்பட்ட ஒலி, மரக்கூரையைத் தொட்டுவிட்டு, மூச்சு விடுகிற ஒன்றாகத் திரும்பி வந்தது. நூறு வருடமாக அந்த மரம் பாட்டுகளைக் கேட்டு வந்திருக்கிறது. டோனா தான் பாட வேண்டிய இடம் வந்தும் பாடவில்லை. வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றாள்.

"ஏய், பாடு" என்றான் கிரேம்.

"இருடா. இப்ப யாரு பாடுனது?"

ஆனால் டேப்பைப் போட்டுக் கேட்டால் நடுநடுவே 'டிக்' என்று ஒரு சத்தம். செவ்வாய் முழுக்க ஒயர்களை மாற்றினார்கள். புதன் முழுக்க பெட்டிகளைக் கழற்றி மாட்டினார்கள். டிக் போகவில்லை. வியாழன் காலை பத்து மணிக்கு, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வில்ஃப் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"மூணு நாளா அந்தப் பொட்டிய ஏன் தம்பி சித்ரவதை பண்ற?"

"டிக்குன்னு ஒரு சத்தம் வருது, வில்ஃப்."

"அதுவா. அது எங்க வெந்நீர்க் குழாய். கட்டடத்தைச் சூடாக்குற பாய்லர் ஓடுனா சூட்டுல அப்படித்தான் பேசும். பிரசங்கத்துக்கு நடுவுலயே பேசும்."

கிரேம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிறுவயதில் ஞாயிறுதோறும் கேட்ட சத்தம். அதனாலேயே அது அவன் காதுக்கு ஒரு சத்தமாகப் படவில்லை. இப்போது என்ன செய்வது? பாய்லரை அணைத்தால் குழாய்கள் ஆற இரண்டு மணி நேரம். வெளியே பனி. பன்னிரண்டு மணிக்கு, அதே பாய்லரால் சூடாகும் பக்கத்து ஹாலில் வியாழக்கிழமைச் சாப்பாடு. இருபத்திரண்டு கிழவிகள், எல்லோரும் அந்தக் காலத்து நெசவாலைக்காரிகள். வாரத்தில் ஒரு நாள்தான் அவர்களில் பலருக்குச் சூடான அறையும் பேச்சுத்துணையும். ஜனவரி மாதத்தில் அதை எந்த வாயால் கேட்பது?

அவன் கேட்கவில்லை. வில்ஃப் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கீழ் அறைக்கு இறங்கிப் போனார். சற்று நேரத்தில் பாய்லரின் உறுமல் நின்றது.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வந்தவர்களில் எட்னா, வில்ஃப் விஷயத்தைச் சொன்னதும், கோட்டைக் கழற்றாமலே கிரேமிடம் வந்தாள். எண்பத்தொரு வயது, நான்கு தறியை ஒரே ஆளாக ஓட்டியவள்.

"உன் பாட்டு எவ்வளவு நேரம்பா?"

"பதினோரு நிமிஷம்."

"அவ்வளவு நீளமா? கல்யாணமே அதுக்குள்ள முடிஞ்சிடும். சரி, நாங்க சத்தம் போட மாட்டோம்."

"உங்களால பேசாம இருக்க முடியுமா?" டோனா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பேசாம இருப்போம்னு யாரு சொன்னா?"

பன்னிரண்டே காலுக்கு டேப் ஓடத் தொடங்கியது. ஒலி மேலே போனது, திரும்பியது. டோனாவின் குரல் அதன்மேல் ஏறிப் படர்ந்தது. டிக் இல்லை. பாட்டின் பாதியில் கிரேம் ஹாலின் கண்ணாடிக் கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தான்.

கோட்டும் தொப்பியும் கையுறையுமாக அந்தப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சிரித்தார்கள். ஒருத்தி கதை சொல்ல, எதிரில் இருந்தவள் மேசையைத் தட்டப் போய் பாதியில் கையை நிறுத்தினாள். எதற்கும் சத்தமில்லை. தறிச் சத்தத்தில் காது கேட்காத நாட்களில் உதடுகளாலேயே பேசிப் பழகியவர்கள் அவர்கள். சூப்பின் ஆவியும் அவர்களுடைய மூச்சின் ஆவியும் ஒன்றாக எழுந்தன. கரண்டிகளை யாரும் தொடவில்லை.

பாட்டு முடிகிற நேரம் அவர்கள் தலைகுனிந்தார்கள். இருபத்திரண்டு வாய்கள் சேர்ந்து சாப்பாட்டு ஜெபத்தைச் சொல்லின. கடைசி ஸ்வரம் கூரையில் கரைந்தபோது எல்லா உதடுகளும் ஒன்றாக ஆமென் என்று மூடின. டேப்பை நிறுத்த கிரேம் ஏழு விநாடி கையை நீட்டவே இல்லை.

அந்த ஏழு விநாடிகளை வெட்டச் சொன்னது கம்பெனி. அவன் மறுத்தான். ஆல்பம் வந்தது. அதன் கடைசியில் எதுவும் கேட்காத அந்த இடத்தைப் பலரும் காரில் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டதாக எழுதினார்கள். ஆல்பத்தின் உறையில் நன்றி சொல்ல அவன் பெயர்கள் கேட்டுப் போனபோது எட்னா கையை ஆட்டினாள். "ஆறிப்போன சூப் குடிச்சதுக்கெல்லாம் பேர் போடுவாங்களா? போப்பா."

அடுத்த வருடம் பிப்ரவரியில் வில்ஃபுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை என்று கடையில் யாரோ சொன்னார்கள். பாய்லரை மூட்ட ஆள் இல்லை, பெண்கள் இரண்டு வியாழனாகக் கோட்டோடு சாப்பிடுகிறார்கள் என்றும் சொன்னார்கள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு கிரேம் ஆலயத்தின் பின்பக்கம் போனான். சாவி எப்போதும் தொங்கும் ஆணியில் இருந்தது. கீழ் அறையில் மண்டியிட்டு, நான்கு தீக்குச்சி வீணாக்கி, ஐந்தாவதில் சுடரைப் பிடித்தான். பிறகு ஹாலுக்கு வந்து, இருபத்திரண்டு கிண்ணங்களையும் கரண்டிகளையும் எடுத்து வைத்துவிட்டு, குளிர்ந்த நாற்காலியில் காத்திருந்தான்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சுவரோரக் குழாய் டிக் என்றது. இன்னொன்று பதில் சொன்னது.

அவன் எழுந்து, சாவியை அதே ஆணியில் மாட்டிவிட்டு, யாரும் வருவதற்குள் பனியில் இறங்கி நடந்தான். வில்ஃப் திரும்பி வரும்வரை இன்னும் ஆறு வியாழக்கிழமைகள் இருந்தன.