காப்பீட்டில் சேராத நெஞ்சு

க்ளெய்ம் ஆபீசராக ஓய்வு பெற்றவரின் வலது முழங்காலை, அவர் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கம்பெனியே பாலிசியிலிருந்து விலக்கிய மறுநாள் காலை, அது அவர் காலில் இல்லை. தொடை முடிந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, கெண்டைக்கால் தொடங்கியது. நடக்க முடிந்தது, பழைய வலியும் போயிருந்தது. பேன்ட் மட்டும் அந்த இடத்தில் தொளதொளவென்று ஆடியது. "இத்தனை வருஷமா ஊரார் க்ளெய்மையெல்லாம் கத்தரிச்சீங்க, இப்ப உங்களையே கத்தரிச்சிட்டாங்களா?" என்று அவர் மனைவி விலா நோகச் சிரித்தாள். சிரித்து முடித்து, பேன்ட்டுக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

ஊரில் இது புதிதல்ல. வேலையில் இருக்கும்வரை ஆபீஸ் பாலிசி உச்சி முதல் பாதம் வரை தாங்கும். ஓய்வு பெற்றுச் சொந்தமாகப் பாலிசி எடுக்கப் போனால்தான், முன்பே இருந்த நோய் என்று ஏதாவதோர் உறுப்பை விலக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். விலக்கியது விடிவதற்குள் போய்விடும். ஓய்வு பெற்ற தபால்காரர் முதுகுத்தண்டு இல்லாமலே பால் வாங்கப் போய்வந்தார். போனதெல்லாம் கம்பெனியின் கிளை அலுவலகச் சுவர்களுக்குள் சேர்ந்துகொண்டிருந்தது. கொள்ளைநோய் வந்தது, வெள்ளம் வந்தது, ஒரு நிலநடுக்கத்தில் பக்கத்து வங்கி சீட்டுக்கட்டாகச் சரிந்தது. இன்சூரன்ஸ் கட்டடம் லேசாக முழங்காலை மடக்கி, பிறகு நிமிர்ந்துகொண்டது. எதையும் தாங்கும் நிறுவனம் என்று சேர்மன் அறிக்கை விட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்து மனைவியின் பாலிசி. அவளுக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிடும், பிறகு ரெண்டை அவசரமாகச் சேர்த்து அடிக்கும். கோபம் வந்தாலும் அப்படித்தான், மகள் போன் செய்தாலும் அப்படித்தான். விண்ணப்பத்தை நிரப்ப அவர் பேனாவை எடுத்ததுமே அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நெஞ்சைப் பத்தி எழுதாதீங்க. மாடி ஏறினா யாருக்குத்தான் படபடக்காது?"

"மறைச்சா, நாளைக்கு நீ ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போது தள்ளுபடி பண்ணிடுவாங்கம்மா. நானே எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கேன்."

வேறு யாராயிருந்தாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். அவருக்குக் கை வரவில்லை. தவறிய துடிப்பையும் சேர்ந்து அடித்த ரெண்டையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

நெஞ்சு போன காலையில் அவள் வழக்கம்போல் எழுந்து, பல் துலக்கி, காபி போட்டாள். காபியில் சர்க்கரை இல்லை என்று அவர் சொன்னதற்கு, "சரிங்க" என்று போட்டுக் கொடுத்தாள். நேற்றுவரை அதற்கு அரை மணி நேரம் சண்டை நடந்திருக்கும். மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது "அப்படியா" என்று கேட்டுவிட்டு, மீதி பீன்ஸை நறுக்கினாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, ஒன்றும் கேட்காததால் சத்து மாத்திரை எழுதினார். மாடிப்படியை அவள் மூச்சு வாங்காமல் ஏறினாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவருக்குப் பிடிக்கவே இல்லை.

கிளை மேனேஜர் அவரிடம் தொழில் பழகியவன். எழுந்து நின்று நாற்காலி போட்டான். "ஹார்ட் தவிர மேடத்துக்கு எல்லாமே கவர் ஆகுது சார். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே, எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதுன்னு."

சொல்லிக் கொடுத்தது அவர்தான். வெளியே வந்து, காத்திருப்போர் பெஞ்சில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் சுவர் அடித்தது. ஒன்று தவறி, பிறகு ரெண்டு அவசரமாகச் சேர்ந்து அடித்தது. அவருக்கு அழுகை வந்தது. கவுண்டரில் கூட்டம் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் போனார். சில வருடங்கள் அப்படிப் போயின. ஒருநாள் அவளையும் அழைத்துப் போனார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சாய்ந்ததும் சுவர் தடதடவென்று அடித்துக்கொண்டது, கவுண்டரில் பேனாக்கள் உருண்டன.

"யாரோ உள்ளேயிருந்து தட்டறாங்கங்க" என்றாள்.

"ஆமா."

"ரொம்ப நாளா தட்டறாங்களோ?"

"ரொம்ப நாளாத்தான்."

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூங்க வைப்பவள்போல, உள்ளங்கையால் சுவரை மெதுவாகத் தட்டிக் கொடுத்தாள். துடிப்பு நிதானமானது. இப்போது ரெண்டு பேரும் தினமும் போகிறார்கள். அவர்களைக் கண்டதும் வாட்ச்மேன் அந்த பெஞ்சுக்கு மேலிருக்கும் ஃபேனைப் போட்டுவிடுகிறார்.